ஊசி வீங்கினால் குதிரை போச்சு

மாட்டு டாக்டரானாலும் நாய் டாக்டரானாலும் அலுத்துக்கொள்ளும் விஷயம் ஒன்றுதான்: வளர்ப்பவர் உண்மையைச் சொல்வதில்லை. காய்ச்சல் என்று நினைத்து வீட்டிலிருந்த பாராசிட்டமாலில் பாதியை உடைத்துப் பூனைக்குக் கொடுத்திருப்பார். கேட்டால், "ஒண்ணும் கொடுக்கல சார்." அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய் ஈறு பழுப்பேறும். மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு தெரிந்தால்தான் பலன். இப்படி மறைப்பதை வளர்ப்பவரின் குணக்கேடு என்று சொல்லிவிடுவது எளிது. டாக்டர் எந்த உருவில் இந்த நாட்டில் முதலில் வாசலுக்கு வந்தார் என்று பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது என்பதே என் வாதம்.

பெங்களூரில் தண்டு, அதாவது பிரிட்டிஷ் படைக் கண்டோன்மென்ட், 1809இல் அல்சூர்ப் பக்கம் வந்தது; மதராஸ் படையோடு தமிழர்களும் வந்தார்கள். தண்டில் குதிரை என்றால் பட்டாளத்துச் சொத்து, ஜட்காக்காரனுக்கோ அது சோறு. 1899இல் பிரிட்டிஷ் இந்தியா குதிரைகளின் கிளாண்டர்ஸ் நோய்க்கு ஒரு சட்டம் போட்டது. இன்ஸ்பெக்டர் லாயத்தில் நுழையலாம், குதிரையைப் பிடிக்கலாம், டாக்டர் நோய் என்று எழுதிவிட்டால் கொன்றாக வேண்டும். சோதனைக்கு மாலின் என்ற ஊசி. தோலுக்கடியில் போட்ட இடம் பெரிதாக வீங்கி, காய்ச்சலும் ஏறினால் தீர்ந்தது கதை. மனிதருக்கும் தொற்றி உயிரைக் குடிக்கும் நோய் என்பதால் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூக்கொழுகும் குதிரையை அதிகாரியிடம் தானாகக் காட்ட எந்த ஜட்காக்காரனுக்கு மனம் வரும்? இருட்டு லாயமும் நாட்டு மருந்தும்தான் அவனுக்குப் பத்திரம்.

மாட்டின் விஷயத்தில் அரசு நிதானமாகவே நடந்தது. 1865இல் தொடங்கிய வெக்கை நோயைப் பிரிட்டன் மாடுகளை வெட்டி ஒழித்தது. அந்த வழி இங்கே செல்லாது என்று தெரிந்து பிரித்து வைப்பதிலும் ஊசியிலும் நின்றார்கள். பெங்களூர் ஹெப்பாளில் 1925இல் சீரம் நிலையம் எழுந்தது அந்த ஊசிக்காகத்தான். சீரத்தோடு நோய்க்கிருமி உள்ள ரத்தத்தையும் சேர்த்துச் செலுத்தும் முறை ஒன்று இருந்தது. சில மாடுகள் அதிலேயே படுத்துவிடும். ஊசிக்குப் பயந்தவனை மூடன் என்பது அநியாயம்.

அந்த ஜட்காக்காரனுக்கும் இன்று லாப்ரடார் வளர்ப்பவருக்கும் என்ன உறவு, இவர் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், இன்றைய மறைப்பில் வெட்கமும் செலவுக் கணக்கும் பாதிக்குமேல் உண்டு. ஆனாலும் நாய் கடித்ததை வெளியே சொன்னால் நாய் போய்விடும் என்ற அச்சம் கற்பனையில் முளைத்ததல்ல. தெருநாயைக் கொல்லாமல் கருத்தடை செய்து விடுவதற்கான விதிகள் நாடு முழுவதற்கும் வந்ததே 2001இல்தான். 1899 சட்டத்தை நீக்கிய 2009 சட்டத்திலும் தொற்று நோயைத் தெரிவிப்பது உரிமையாளரின் கடமையாகவே இருக்கிறது. விலங்கைக் கொல்லும் அதிகாரமும் போய்விடவில்லை. தண்டனைக்குரியவராக நிறுத்திக் கேட்டால் பதில் "ஒண்ணும் கொடுக்கல சார்" என்றுதான் வரும். "அரை மாத்திரை கொடுத்தீங்களா, முழுசா?" என்று கேட்கும் டாக்டருக்கு மாத்திரையின் அட்டையே கைக்கு வந்து சேர வாய்ப்பு அதிகம்.