மணமாலையும் மணிமுடியும்

ஓசூர் என்றதும் இன்று நம் கண்முன் நிற்பவை ஆலைகள். பெங்களூருச் சாலையில் விரையும் ஊர்திகள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசி ஒரே வாயிலில் நுழையும் தொழிலாளர் கூட்டம். அந்த எல்லை மண்ணிலே, கிருட்டிணகிரி மாவட்டத்திலே, குந்தாணி என்றோர் ஊர் உண்டு. இன்று அது சிற்றூர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ ஓர் அரசனின் தலைநகர்! போசள இராமநாதன் அங்கு வீற்றிருந்தான். காவிரிக் கரையில் முடிசூடியவன் இந்த மலைநாட்டுக்கு வந்தது ஏன்? அந்த வரலாற்றைப் புரட்டினால், மன்னர்கள் உறவுக்குத் தந்த மதிப்பு எவ்வளவு என்பது விளங்கும்.

போசளருக்கும் சோழருக்கும் மணவுறவு உண்டு. இரண்டாம் வல்லாளனின் தேவியருள் ஒருத்தி சோழமாதேவி. வல்லாளன் மகன் இரண்டாம் நரசிம்மன், கோப்பெருஞ்சிங்கனின் சிறையில் வாடிய மூன்றாம் இராசராச சோழனை 1231இல் மீட்டான்; சோழ அரசை நிலைநாட்டியவன் என்று விருதும் சூடினான். ஆகா, உறவு என்றால் இதுவன்றோ என்று வியக்கத் தோன்றும். அடுத்த தலைமுறையைப் பாருங்கள்!

நரசிம்மன் மகன் சோமேசுவரன், மூன்றாம் இராசேந்திர சோழனுக்கு மாமன் முறை. அந்த மாமனுக்கே தான் கூற்றுவன் என்று கல்லிலே பொறித்துக்கொண்டான் மருமகன்! மாமனோ பாண்டியனுக்குத் துணைநின்று மருமகனை எதிர்த்தான். பாண்டியனும் அவனை மாமன் என்றே அழைத்தான். முடிவு? சோமேசுவரனைக் களத்தில் வீழ்த்தியதும் பாண்டிய குலமே. சடையவர்மன் சுந்தரபாண்டியனின் படையே!

சோமேசுவரனுக்கு இரு தேவியர் வழியாக இரு மைந்தர். 1254இல் நாடு பங்கிடப்பட்டது. பிச்சலராணியின் மகன் மூன்றாம் நரசிம்மனுக்குத் துவாரசமுத்திரம்; தேவலமாதேவியின் மகன் இராமநாதனுக்குத் திருச்சிக்கு அருகிலுள்ள கண்ணனூரும் தமிழ்நாட்டுப் பகுதிகளும். 1279இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன், இராசேந்திர சோழனையும் இராமநாதனையும் ஒருங்கே வென்றான். சோழப் பேரரசு மறைந்தது. காவிரி நாட்டை இழந்த இராமநாதன் குந்தாணியைத் தலைநகராக்கினான், உடன்பிறந்தான்மீதே படையெடுத்தான். 1295இல் அவன் மறைந்தான். மகன் விசுவநாதனின் ஆட்சி சில ஆண்டுகளே நீடித்தது. நரசிம்மன் மகன் மூன்றாம் வல்லாளன் இரு பகுதிகளையும் இணைத்தான். 1301இல் குந்தாணி நாட்டுக் கோயில்களின் நிலங்களுக்கு வரிநீக்கி ஆணையிட்டான். அண்ணன் தம்பிப் போரிலே படை மிதித்த வயலுக்கு உரியவன் என்ன பெற்றான்?

இது நம் நாட்டு மன்னர்களின் வழக்கம் மட்டுமன்று. பிரான்சு நாட்டில் அக்கித்தேன் நிலத்துக்கு உரியவளான எலியனோர், 1137இல் ஏழாம் லூயிக்கு மனைவியானாள். 1152இல் அம்மணம் முறிந்தது. சில வாரங்களிலேயே, பின்னாளில் இங்கிலாந்து மன்னனான என்றியை மணந்தாள். அவளோடு நாடும் கைமாறியது. விளைந்தது தலைமுறை தலைமுறையாகப் பகை!

சோழமாதேவியின் உள்ளம் என்ன எண்ணியது? தேவலமாதேவி எதை விரும்பினாள்? விருதுகளைப் பொறித்த உளி அதைப் பொறிக்கவில்லை. முடிகளைக் காக்கப் பெண்ணைக் கொடுத்தனர், முடிகள் நிலைக்கவில்லை. இன்றும் சாதி நிலைக்க, சொத்து சிதறாதிருக்க என்று பெண்ணின் விருப்பம் கேளாமலே மணம் பேசுவோர் இருக்கின்றனர். அவர்கள் ஒருமுறை குந்தாணியின் கதையைப் படிக்கட்டும். இருவர் மனமொப்பி ஏற்பதே மணம். மற்றது வெறும் உடன்படிக்கை. உடன்படிக்கைகள் எத்தனை நாள் நின்றன என்பதைத்தான் கண்டோமே!