கணக்கு உண்டு, கையாள்வது யார்? இந்தியாவில் மின்னணுப் பணச் சேவை அணுகலின் வரலாறு

முன்னுரை

2011-இல் இந்தியாவில் வயதுவந்தோரில் 35 விழுக்காட்டினரிடமே வங்கிக் கணக்கு இருந்தது. 2017-இல் இது 80 விழுக்காடானது. உலக வங்கியின் ஃபின்டெக்ஸ் ஆய்வு காட்டும் இந்தப் பாய்ச்சல் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அதே 2017 ஆய்வின் இன்னொரு எண் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கணக்கு வைத்திருந்தவர்களில் 48 விழுக்காட்டினர் முந்தைய ஓராண்டில் அதில் ஒரு முறைகூடப் பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

கணக்கு கிடைத்த பிறகும் சேவை ஏன் எட்டவில்லை? தூரம், அடையாளச் சான்று, கட்டணம், கைப்பேசி, எழுத்தறிவு ஆகியவை வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். எல்லாமே மெய். ஆனால் 1969 முதலான வரலாற்றைத் தொடர்ச்சியாகப் பார்க்கும்போது, இவற்றின் ஊடே ஒரு கேள்வி மாறாமல் நிற்கிறது. வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே நின்று காரியத்தை முடித்துத் தரும் ஆள் யார், அவருக்குக் கூலி கொடுப்பது யார், அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? அணுகலைப் பெரிதும் தீர்மானித்து வந்தது இதற்கான விடையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

கிளைகளும் குழுக்களும்: 1969–2004

1969 ஜூலை 19 அன்று 14 பெரிய தனியார் வங்கிகள் நாட்டுடைமையாயின. அப்போது நாட்டின் கிராமப்புறக் கிளைகள் 1,833 மட்டுமே. ஏற்கெனவே வங்கியுள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால், வங்கியில்லாத ஊர்களில் நான்கு கிளைகள் திறக்க வேண்டும் என்று 1977-இல் ரிசர்வ் வங்கி விதித்தது. 1990-இல் அவ்விதி கைவிடப்பட்டபோது கிராமக் கிளைகள் பல மடங்கு பெருகியிருந்தன. இந்த விரிவாக்கம் கிராமப்புற வறுமையைக் குறைத்தது என்று ராபின் பர்ஜெஸ், ரோகிணி பாண்டே இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினர்.

கிளை ஊருக்கு வந்தாலும் அதன் படியேறத் தயங்கியவர்கள் உண்டு. படிவம் நிரப்பத் தெரியாத, பிணை காட்டச் சொத்தில்லாத பெண்கள் இவர்களில் பெரும்பாலோர். இந்தத் தயக்கத்தைத் தளர்த்தியவை சுயஉதவிக் குழுக்கள். 1989-இல் ஐஃபாட் என்னும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் இவ்வகையில் முன்னோடி. 1992-இல் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியது. குழுவின் ஊக்குநரும் பிரதிநிதியும் வங்கிக்குப் போனார்கள், கணக்கெழுதினார்கள், வாரக் கூட்டத்தில் உறுப்பினர்களுக்குக் கணக்கு ஒப்பித்தார்கள். அவர்களைக் கேள்வி கேட்கும் உரிமை குழுவுக்கு இருந்தது.

அட்டையும் கைரேகையும்: 2005–2015

2005-இல் ரிசர்வ் வங்கி குறைந்தபட்ச இருப்பு வேண்டாத எளிய கணக்குகளை அறிவுறுத்தியது. புதுச்சேரியின் மங்கலம் கிராமத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் இந்தியன் வங்கி கணக்குத் திறந்தது. நாட்டில் இந்நிலையை எட்டிய முதல் கிராமம் அதுவே. 2006 ஜனவரியில், கிளைக்கு வெளியே வங்கியின் சார்பில் பணம் வாங்கவும் கொடுக்கவும் வங்கித் தொடர்பாளர்களை நியமிக்க அனுமதி வந்தது. 2010 செப்டம்பரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. 2014 ஆகஸ்ட் 28 அன்று, எல்லோருக்கும் வங்கிக் கணக்குத் திறக்கும் ஜன் தன் திட்டம் தொடங்கியது.

ஆந்திராவில் நூறுநாள் வேலைக் கூலியையும் ஓய்வூதியத்தையும் கைரேகை அட்டை வழியே வழங்கிய திட்டத்தைக் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோர் 157 மண்டலங்களில் ஆராய்ந்தனர். பணம் விரைவாகக் கிடைத்தது, முறைகேடு குறைந்தது. இதைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று சுருக்கிவிடுவது எளிது. ஆனால் அங்கே பணத்தை எண்ணிக் கொடுத்தவர்கள் அதே ஊரில் குடியிருந்த, பெரும்பாலும் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள். கருவியும் ஊராளும் சேர்ந்தே அந்தப் பலனைத் தந்தனர்.

மத்தியப் பிரதேசத்தில் ரோகிணி பாண்டே உள்ளிட்டோர் செய்த ஆய்வும் இதையொட்டியதே. பெண்களுக்குக் கணக்கு மட்டும் திறந்து கொடுத்ததைவிட, அவர்களது கூலியை அவர்கள் கணக்கிலேயே செலுத்தி, அதைக் கையாளப் பயிற்சியும் தந்தபோது அவர்கள் வேலைக்குச் செல்வது கூடியது.

கைப்பேசியில் வங்கி: 2016-க்குப் பின்

2016 ஏப்ரலில், கைப்பேசி வழியே கணக்குக்குக் கணக்கு உடனடியாகப் பணம் அனுப்பும் யுபிஐ அறிமுகமானது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ நிறுவனம் கைப்பேசி இணையக் கட்டணத்தைச் சரித்தது. நவம்பர் 8 அன்று பணமதிப்பிழப்பு அறிவிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் யுபிஐ பரிவர்த்தனைகள் மாதத்துக்கு 1,000 கோடியைத் தாண்டின. இரண்டே ஆண்டில் அது 2,000 கோடியானது.

இந்த வளர்ச்சியில் யார் உள்ளே, யார் வெளியே? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் தாங்களே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு உள்ளவர்கள் 79 விழுக்காடு. தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி உள்ளவர்கள் 54 விழுக்காடு. இணையத்தை ஒரு முறையேனும் பயன்படுத்தியவர்கள் 33 விழுக்காடு. தமிழ்நாட்டில் இந்த எண்கள் மேலானவை: முறையே ஏறத்தாழ 92, 75, 47. ஆனால் சரியும் வரிசை ஒன்றே.

யுபிஐ-யில் பதிவுசெய்ய, வங்கியில் கொடுத்த எண்ணுக்குரிய சிம் அதே கைப்பேசியில் இருக்க வேண்டும். பாதுகாப்புக்கு இது தேவையான ஏற்பாடுதான். கணக்குத் திறந்த நாளில் கணவரின் எண்ணையோ மகனின் எண்ணையோ கொடுத்த பெண்ணுக்கு அதுவே தடையாகிறது. ஓடிபி போவது வேறொருவர் கைக்கு. கைவேலையால் ரேகை தேய்ந்தவர்களை ஆதார்வழிப் பணமெடுக்கும் இயந்திரம் திருப்பி அனுப்புகிறது. இத்தகைய இடங்களில் இடையாள் மறைந்துவிடவில்லை. பேரன், பக்கத்து வீட்டுப் பையன், கடைக்காரர் என்று கூலியும் பொறுப்பும் இல்லாதவர்கள் அந்த இடத்தில் நிற்கிறார்கள். ரகசிய எண்ணும் அவர்களிடமே போகிறது. தவறு நேர்ந்தால் கேட்பதற்குக் குழுக் கூட்டமும் இல்லை, கிளை மேலாளரும் இல்லை.

அரசும் நீதிமன்றமும் இதைக் கவனிக்காமல் இல்லை. 2022 மார்ச்சில் சாதாரணக் கைப்பேசிக்கான யுபிஐ 123பே வந்தது. 2024-இல் அறிவிக்கப்பட்ட யுபிஐ சர்க்கிள், ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் வரம்புக்குள் செலவிட வழிசெய்கிறது. ஆனால் அதிகாரம் கணக்கு உரிமையாளர் கையில் இருப்பதால், கணவர் கணக்கிலிருந்து செலவிடும் மனைவி அப்போதும் இரண்டாமவரே. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணு அணுகல் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டிக் காட்ட இயலாத ஆசிட் வீச்சுப் பாதிப்புற்றோரும் பார்வையற்றோரும் தொடுத்த வழக்குகளில் வந்த தீர்ப்பு அது.

முடிவுரை

ஒவ்வொரு காலகட்டமும் தன் கண்ணுக்குத் தெரிந்த தடையை அகற்றியது. கிளை தூரத்தைக் குறைத்தது, ஆதார் அடையாளச் சான்றை எளிதாக்கியது, யுபிஐ கட்டணத்தையும் காத்திருப்பையும் போக்கியது. எளியோருக்குப் பலன் நிலைத்த இடங்களில் மட்டும், தொழில்நுட்பத்தோடு ஊர் அறிந்த, கூலி பெறும், கேள்வி கேட்கப்படக்கூடிய ஓர் ஆளும் இருந்தார். ஆகவே கணக்குகளின் எண்ணிக்கையை மட்டும் அணுகலின் அளவுகோலாகக் கொள்வது போதாது. கணக்கோடு இணைந்த எண் கணக்குக்கு உரியவருடையதா என்பதை வங்கிகள் சரிபார்க்க வேண்டும். சுயஉதவிக் குழுப் பெண்களை வங்கித் தொடர்பாளர்களாக்கி நியாயமான ஊதியம் தர வேண்டும். கைரேகையும் ஓடிபியும் தவறும் இடத்தில் காகிதவழி மாற்று கட்டாயமாக இருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாதவரை, கணக்கு ஒருவர் பெயரிலும் கட்டுப்பாடு இன்னொருவர் கையிலும் இருப்பது தொடரும்.