வடிகட்டி

வடிதல் ஒழுகுதல்; வடித்தல் ஒழுகச் செய்தல். அதனோடு ‘கட்டு’ சேர்ந்து வடிகட்டு என்றானது. இகர ஈறு ஏறியதும் கருவிப் பெயர். பிரித்தெடுக்கத் தமிழில் வினைகள் பல: புடைத்தல் எடையைப் பார்க்கும், சலித்தல் பருமனைப் பார்க்கும், அரித்தல் கல்லை நீக்கும். கணினியின் ஃபில்டருக்குச் சல்லடையே நெருக்கம் என்பது என் எண்ணம். ஆனாலும் வடிகட்டி வேரூன்றிவிட்டது, அதையே ஆள்வோம்.

ஜாவாஸ்கிரிப்டின் 2009ஆம் ஆண்டுத் தரத்தில் ஃபில்டர் இடம்பெற்றது. பட்டியலின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரு செயற்கூறிடம் காட்டி, ‘ஆம்’ என்றால் எடுத்துக்கொள்ளும். அந்தச் செயற்கூறை நாம் எழுதாமலே, கொடுத்த மதிப்பிலிருந்து ஆக்கித்தரும் சிறு கருவிகள் உண்டு. லோடாஷ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் ‘மேட்சஸ்’ அத்தகையது.

தமிழக ஊர்ப் பட்டியலை வடிகட்ட, மேட்சஸிடம் ‘ஊர்: மயிலாடும்பாறை’ என்று மட்டும் கொடுத்துப் பாருங்கள். தேனி மாவட்டத்தில் வருசநாட்டுப் பக்கத்து மயிலாடும்பாறையோடு, பழங்கால இரும்பு அகழ்ந்தெடுக்கப்பட்ட கிருஷ்ணகிரி மயிலாடும்பாறையும் வந்து நிற்கும். ‘மாவட்டம்: தேனி’ என்பதையும் சேர்த்தால்தான் வருசநாட்டுப் பக்கத்து ஊர் தனித்து வரும்.

சோறு வடித்தால் பானையில் கஞ்சி குறையும். ஃபில்டர் தருவதோ புதுப் பட்டியல். மூலப் பட்டியல் குறையாது.