பழைய புல்லட், புது ஆயில்

பந்தல்குடி வீட்டில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். மகனுடைய க்ரூஸர் பைக்கான தண்டர்பேர்டுக்கு ஆயில் மாற்றும்போது, மீதமிருந்த கார் ஆயிலை ஊற்றிவிட்டேன். சில நாளில் அருப்புக்கோட்டை சாலையில் எஞ்சின் உறுமியது, வண்டி இழுக்கவில்லை. கிளட்ச் வழுக்கியது.

என்னைக் கெடுத்தது பழைய பழக்கம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்தது; அதன்பின் சென்னையில் புல்லட் தயாரிக்கத் தொடங்கியது. நான் ஓட்டிய அந்த வார்ப்பிரும்பு புல்லட்டில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி அறை, தனித்தனி ஆயில். எஞ்சினில் எதை ஊற்றினாலும் கிளட்சுக்குத் தெரியாது. ஃபெல்ட் ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசித் திரும்ப மாட்டியதும் உண்டு.

மகனுடைய வண்டியில் மூன்றுக்கும் ஒரே ஆயில். கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு உண்டு. கிளட்சுக்கோ உராய்வுதான் உயிர். இதற்காகவே ஜப்பானியர் 1998-ல் பைக் ஆயிலுக்கென ‘ஜாசோ’ தரத்தை வகுத்தார்கள். இந்த வண்டிக்கு 15டபிள்யூ-50. டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ என்று இருக்கிறதா பாருங்கள். காகித ஃபில்டரை அலசாதீர்கள், புதிது போடுங்கள்.

மகன் ஒன்றும் சொல்லவில்லை. கிளட்ச் பிளேட் செலவு மட்டும் என் பென்ஷனில் போனது.