கருமணலும் பிள்ளைப்பேறும்: நம் கடற்கரையில் நடந்த மரபணு ஆய்வுகள்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, சிதறால் மலைச் சமணப் பள்ளியைப் பற்றித்தான் எழுதித் தருவேன் என்று நினைத்திருப்பார்கள். நயினார் குடும்பத்துக்காரன், வந்தவாசிப் பக்கத்திலிருந்து காரக்கோணத்துக்கு வந்து பாத்திரக் கடை வைத்து முப்பத்தைந்து வருஷம் ஆனவன், வேறென்ன எழுதுவான்? இந்தத் தடவை அதை விட்டுவிட்டு, இருபது வருஷத்துக்கு மேல் என் மனசில் கிடக்கிற ஒரு விஷயத்தை எழுதுகிறேன். நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. கடையில் உட்கார்ந்து வாசித்துத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்.

2002-ஆம் ஆண்டு. கேரளக் கடற்கரை மணலில் உள்ள கதிர்வீச்சால் அங்குள்ள மக்களின் மரபணு மாறுகிறது என்று பத்திரிகையில் செய்தி வந்தது. கடைக்கு வந்திருந்த நாலு பேர் முன்னால் அதை உரக்க வாசித்தேன். அவர்களில் ஒருவர் நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பெரியவர். பேரனுக்கு மணவாளக்குறிச்சிப் பக்கம் பெண் பேசி முடித்திருந்தார். "அண்ணாச்சி, இது உள்ளதாக்கும்?" என்று கேட்டார். பேப்பரில் போட்டிருக்கிறதே என்றேன். அடுத்த வாரம் அந்தச் சம்பந்தம் முறிந்துபோயிற்று. பெண்ணின் தகப்பனாரும் என் வாடிக்கைக்காரர்தான். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு வாசிக்க ஆரம்பித்தவன்.

மணலின் கதை தேங்காய் நாரில் தொடங்குகிறது. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் மின்னுவதைக் கண்டு, ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார் என்று சொல்லப்படுகிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு. மின்விளக்கு பரவாத காலம் அது. காஸ் விளக்கின் வலைத்திரிக்குத் தோரியம் வேண்டும். அதுவரை பிரேசில் நாட்டு மணல்தான் கிடைத்துவந்தது. (நம் கல்யாண ஊர்வலங்களில் தலையில் தூக்கிப்போன பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெள்ளைத் திரி இருக்கிறதே, அதேதான். என் தகப்பனார் வாடகைக்கு விட்டிருக்கிறார்.) பின்னால் சவறாவிலும் மணல் எடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தோரியம் அணுசக்திக்கான பொருளாயிற்று. 1950-இல் இந்திய அரிய மணல் ஆலை நிறுவனம் ஏற்பட்டது. 1956 நவம்பர் 1-இல் எல்லை பிரிந்தபோது மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டுக்குப் போயிற்று, சவறாவும் நம் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் கேரளத்தில் நின்றன. மணலுக்கு எல்லைக்கோடு தெரியாது.

அணுகுண்டுக்குப் பிறகு உலகம் முழுக்க ஒரே கேள்வி: கதிர்வீச்சு சந்ததியைக் கெடுக்குமா? பரிசோதனைக்காக மனுஷர்களைக் கதிரில் நிறுத்த முடியாது. ஆனால் தலைமுறை தலைமுறையாக இயற்கையாகவே அதில் வாழ்கிறவர்கள் இருந்தால்? உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1959-இல் வெளியிட்ட அறிக்கை இப்படிப்பட்ட இடங்களைப் பற்றியதுதான். நம் கடற்கரையின் பெயர் அப்படித்தான் விஞ்ஞானிகளின் பட்டியலில் ஏறியது. அந்த மக்கள் ஒரு பரிசோதனையில் சேரவில்லை. பிறந்தார்கள், அவ்வளவுதான்.

முதலில் வந்தவர்கள் மனுஷரை விட்டு எலியைப் பிடித்தார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருந்த ஹான்ஸ் குருனெபெர்க் என்ற மரபியல் அறிஞரும் அவர் கூட்டாளிகளும், மணல் உள்ள ஊர்களிலும் இல்லாத ஊர்களிலும் வீட்டு எலிகளைப் பிடித்து எலும்பையும் பல்லையும் ஒப்பிட்டார்கள். 1966-இல் அறிக்கை வந்தது: கதிர்வீச்சால் வந்தது என்று சொல்லக்கூடிய வித்தியாசம் தெரியவில்லை. எறும்பை மிதிக்காமல் நடக்கச் சொல்லி வளர்த்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு அந்த எலிகளை நினைத்தால் வருத்தம்தான். ஆனாலும் மனுஷனைத் தொடுவதற்கு முன் இப்படி ஒரு படி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

பத்து வருஷம் கழித்து, 1976-இல், டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் கொச்சுப்பிள்ளை, ராமலிங்கசுவாமி முதலானோர் 'நேச்சர்' இதழில் எழுதியது பெரிய அதிர்ச்சியாயிற்று. மணல் பகுதியில் 12,918 பேரைப் பார்த்ததில் டவுன் நோய்க்குறி உள்ளவர்கள் 12 பேர். ஒப்பிட எடுத்த ஊரில் 5,938 பேரில் ஒருவர்கூட இல்லை. டவுன் நோய்க்குறி என்பது 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் வருவது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும். இந்தக் கணக்கை வியாபாரி கண்ணால் பாருங்கள். 12,918-க்கு 12 என்றால் ஆயிரத்துக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. உலகத்தில் பிறக்கிற குழந்தைகளை எண்ணினாலே எண்ணூறு, ஆயிரத்துக்கு ஒன்று வரும். மணல் ஊரில் 12 பேர் இருப்பதைவிட, மற்ற ஊரில் ஒருவரும் இல்லாததுதான் எனக்குப் புதிராகத் தெரிகிறது. அதே விகிதத்தில் அங்கே ஐந்து பேராவது இருந்திருக்க வேண்டாமா? அடுத்த வருஷமே அதே இதழில் மறுப்பும் வந்தது. மறுப்பை யார் கடையில் உரக்க வாசித்தார்கள்?

இனி நான் வாசித்த அந்த 2002 செய்திக்கு வருகிறேன். பீட்டர் ஃபார்ஸ்டர் முதலானோர் கொல்லம் கடற்கரைக் குடும்பங்களின் எச்சிலை எடுத்து, தாய் வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணுப் பொருளைத் தாயிடமும் பிள்ளையிடமும் ஒப்பிட்டார்கள். மணல் பகுதியில் 22 மாற்றங்கள், பக்கத்துப் பகுதியில் 1. மணல் பகுதியில் பார்த்த குடும்பங்கள் அதிகம் என்பதைக் கழித்தாலும் வித்தியாசம் உண்மையானது. ஆனால் அந்த மாற்றங்கள் விழுந்த இடங்கள், அறுபதாயிரம் வருஷமாக மனித குலத்தில் மாறிமாறி வருகிற இடங்களேதான். அந்த ஆய்வு நோயை எண்ணவும் இல்லை. எழுத்து மாறுவது வேறு, பொருள் கெடுவது வேறு. இந்த ஒரு வாக்கியம் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் பெரியவரிடம் சொல்லியிருப்பேன்.

நோயை எண்ணியவர்களும் உண்டு. திருவனந்தபுரம் வட்டார புற்றுநோய் மையத்தார் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்டார்கள்: 1,379 பேருக்குப் புற்றுநோய், கதிர்வீச்சு கூடிய இடத்தில் நோய் கூடியதாகத் தெரியவில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் 1995 முதல் ஆஸ்பத்திரிகளில் பிறக்கிற சிசுக்களைப் பார்த்துவந்தார்கள். 2013-இல் வந்த கணக்கில் 1,40,000-க்கு மேற்பட்ட குழந்தைகள்; குறையோடு பிறப்பதும் இறந்து பிறப்பதும் கதிர்வீச்சோடு சேர்ந்து கூடவில்லை. அணுசக்தித் துறையே தன் மணலுக்குச் சான்று கொடுப்பதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்காக அத்தனை பிரசவங்களின் கணக்கைத் தள்ளிவிட முடியாது என்பது என் அபிப்பிராயம். இன்னொன்று: இந்தப் பெரிய கணக்குகள் கொல்லம், ஆலப்புழைப் பக்கத்தவை. மணவாளக்குறிச்சிக்காரருக்கு அதை அப்படியே நீட்டிச் சொல்லும்போது கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும்.

சம்மதம் பற்றியும் சொல்லவேண்டும். 1947-இல் நூரம்பர்க், 1964-இல் ஹெல்சின்கி என்று உலகத்தில் விதிகள் வந்துவிட்டன. நம் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1980-இல் ஒரு கொள்கை அறிக்கையும் 2000-இல் விரிவான நெறிமுறைகளும் கொடுத்தது. எல்லாம் பெரும்பாலும் தனி ஆளின் சம்மதம். ஒருத்தி தன் எச்சிலைக் கொடுக்கச் சம்மதிக்கலாம். முடிவு வரும்போது பெயர் கெடுவது அவளுக்கு மட்டுமா? எச்சில் கொடுக்காத பக்கத்துத் தெருப் பெண்ணுக்கும், பல மைல் தள்ளி இருக்கிற பெண்ணுக்கும்கூடத்தான். என் கடையில் முறிந்த சம்பந்தத்தின் பெண் எந்த ஆய்விலும் இல்லை. சமூகத்துக்கு வரக்கூடிய களங்கத்தையும் ஆய்வாளர் யோசிக்கவேண்டும் என்பதை 2017-இன் நெறிமுறைகள் சொல்கின்றன. செய்தி வாசிக்கிற கடைக்காரனுக்கு நெறிமுறை ஏதும் இல்லை.

2024-இல் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு கிளம்பியபோது பழைய பேச்சு மறுபடியும் வந்தது. நிலம், கடல், வீடு என்று எதிர்ப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஆனால் பிள்ளைகள் ஊனமாகப் பிறப்பார்கள் என்று ஒருவர் கடையில் சொன்னபோது, எண்களை எடுத்து வைத்தேன். கம்பெனிக்காரன் காசு கொடுத்தானா என்று கேட்டார்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு வருஷம் கழித்துத் தூத்துக்குடிப் பக்கம் கல்யாணம் ஆயிற்று. சீர்ப் பாத்திரம் என் கடையில்தான் எடுத்தார்கள். எடை போடும்போது தகப்பனாரிடம் அந்தச் செய்தியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு அண்ணாச்சி, குத்துவிளக்கு இன்னும் கொஞ்சம் உயரமாக் காட்டுங்க" என்றார்.