முகத்துக்காகச் செய்த வெள்ளைக் குமிழ்

பழைய செக்கோனிக் ஒளிமானி ஒன்றை யாரிட்டயாவது இரண்டாங்கையாக வாங்கினால் முன்பக்கம் ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும். பாதியாக வெட்டின பிங்பொங் பந்து மாதிரி. பலர் அதை மூடி எண்டு நினைக்கினம்.

1932இல் அமெரிக்காவின் வெஸ்டன் நிறுவனம் செலனியக் கலம் வைத்த ஒளிமானியை விற்கத் தொடங்கியது. வெளிச்சம் பட்டால் சிறு மின்னோட்டம் பிறக்கும், முள் அசையும். பற்றரியே வேண்டாம். ஆனால் அது அளந்தது பொருளில் பட்டுத் திரும்புகிற ஒளியை. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். வெள்ளைச் சேலை கட்டின கறுத்த பெண்ணைப் படமெடுக்கச் சேலையை அளந்தால் சேலை சாம்பலாகும், முகம் இருட்டுக்குள்ள போயிடும். எங்கட தோல் நிறத்துக்கு இது சின்ன விசயமில்லை.

டொன் நோர்வூட் என்பவர் 1940இல் காப்புரிமை பெற்றது இதற்கு வேறொரு வழிக்கு. மானியை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, கமராவைப் பார்க்கத் திருப்பி, அங்கே விழுகிற ஒளியை அளப்பது. முகம் தட்டையில்லை, முன்னாலும் பக்கத்தாலும் மேலாலும் வெளிச்சம் வாங்கும். அதனால்தான் அரைக்கோளம். தோல் கறுப்போ வெள்ளையோ, குமிழுக்குக் கவலையில்லை. அவருடைய மானியைத் தயாரித்த நிறுவனம், 'மெட்ரோபோலிஸ்' படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவரான கார்ல் ஃபிராயிண்ட் தொடங்கியது. பிறகு அந்த வடிவம் ஜப்பானின் செக்கோனிக்குக்குப் போய், 1976இல் எல்-398 ஆக வந்தது.

அதோடு இன்னும் இரண்டு முகப்புகள் வரும். தட்டை வெள்ளை வட்டு, ஓவியம், பழைய பத்திரிகைப் பக்கம் போன்றவற்றைப் படியெடுக்க. இரண்டு விளக்குகளைத் தனித்தனியாக ஒப்பிடவும் அதுதான் நல்லது. துளைகள் நிறைந்த கட்டம், தூரத்து மலை மாதிரிக் கிட்டப் போகேலாததைக் கமரா பக்கமிருந்து அளக்க. அதைப் போட்டால் பழைய சாம்பல் கணக்குத் திரும்பி வந்திடும், கவனம்.

வாங்கேக்க முக்கியமாகத் தேட வேண்டியது துளையிட்ட சின்னத் தகடு. வெயிலில் மேல் துவாரத்தில் செருக வேணும், ஒளியை 32இல் ஒரு பங்காகக் குறைக்கும். தகடு போட்டால் 'எச்' குறியில் வாசிக்க வேணும். குறியை மாத்தி வாசித்தால் 5 ஸ்டொப் பிழைக்கும். உறைக்குள்ள கிடந்து தொலைகிற சாமான் இதுதான். செலனியம் வயது போகப் பலவீனமாகும் என்பதால் தகட்டைப் போட்டு நல்ல வெயிலில் பாருங்கோ: ஐஎஸ்ஓ 100க்கு எஃப்16, 1/125 செக்கன் கிட்ட முள் நிக்க வேணும்.