லீக் பார்க்: டிக்கெட் கவுன்ட்டர் மட்டும் மிஞ்சிய மைதானம்

இந்த எபிசோடை ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கணும்.

பேஸ்பால் பத்தி முன்னாடி ஒரு எபிசோட் பண்ணினேன்ல, அதுல ஒரு இடத்துல, "1947-ல ஜாக்கி ராபின்சன் வர்ற வரைக்கும் கறுப்பின வீரர்களுக்கு மேஜர் லீக்ல இடம் இல்ல, அதனால அவங்க ஆட்டத்தைப் பத்தி பெருசா பதிவும் இல்ல"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போயிட்டேன். முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாவது பாதி தப்பு. பதிவு இருந்தது. நான் தேடல, அவ்வளவுதான். அது புரிஞ்சது கிளீவ்லாந்தில், ஒரு பழைய டிக்கெட் கவுன்ட்டருக்குள்ள நின்னுட்டு இருந்தப்போ.

ஆபீஸ் வேலையா மூணு வாரம் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துல இருந்தேன். ஒரு சனிக்கிழமை, அங்கேயே வேலை பார்க்கிற என் காலேஜ் நண்பன்கிட்ட லீக் பார்க் போகலாம்னு சொன்னேன். "டேய், மேட்ச் பாக்கணும்னா டவுன்டவுன்ல பெரிய ஸ்டேடியமே இருக்கு. அந்த ஏரியாவுல என்னடா இருக்கு?"ன்னு கேட்டான். அவன் கேட்டதுல நியாயம் இருக்கு. லெக்சிங்டன் அவென்யூவும் கிழக்கு 66-ஆம் தெருவும் சந்திக்கிற முனையில் போய் இறங்கினா, ஸ்டேடியம்னு எதுவும் கண்ணுல படாது. செங்கல்லில் கட்டின ரெண்டு மாடிக் கட்டடம் ஒண்ணு, பழைய மதில் சுவரில் ஒரு துண்டு, செயற்கைப் புல் போட்ட ஒரு மைதானம். சுத்தி வீடுகள், நடுநடுவே காலி மனைகள். அந்தச் செங்கல் கட்டடம்தான் அந்தக் காலத்து டிக்கெட் ஹவுஸ். 2014-லிருந்து அதுக்குள்ள பேஸ்பால் ஹெரிடேஜ் மியூசியம் இயங்குது.

ஒரு மைதானத்தை இடிக்கும்போது எல்லாம் போய், காசு வாங்கின கவுன்ட்டர் மட்டும் மிஞ்சியிருக்கு பாருங்க. எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்தது.

சரி, கதைக்கு வருவோம். இந்த மைதானம் திறந்தது 1891 மே மாதம். கட்டியவர் ஃபிராங்க் ராபிசன். அப்போதைய கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் அணியின் உரிமையாளர். ஊரில் டிராம் கம்பெனியும் அவருடையதுதான். தன் டிராம் போகிற வழியிலேயே மைதானத்தை வைத்தார். வர்றவங்க டிராமுக்கும் அவர்கிட்டதான் காசு கொடுக்கணும், மேட்சுக்கும் அவர்கிட்டதான். முதல் ஆட்டத்தில் பந்து வீசியவர் சை யங். இன்றைக்கும் வருஷத்தின் சிறந்த பிட்சருக்குக் கொடுக்கிற விருது அவர் பேரில்தான் இருக்கு. 1910-இல் மரத்தை எல்லாம் எடுத்துவிட்டு கான்கிரீட்டிலும் இரும்பிலும் மைதானத்தைத் திரும்பக் கட்டினார்கள். அந்தத் திறப்பு விழா ஆட்டத்திலும் பந்து வீசியது அதே சை யங்தான், 43 வயதில்.

இந்த மைதானத்தை வித்தியாசமாக்கியது அதன் வடிவம். பேஸ்பாலில் ஹோம் பிளேட்டிலிருந்து வேலி எவ்வளவு தூரம் இருக்கணும்னு அப்போதெல்லாம் கறாரான கணக்கு கிடையாது. கிரிக்கெட்ல பவுண்டரி ஊருக்கு ஊர் மாறுற மாதிரிதான். இங்கே இடது பக்கம் 375 அடி, வலது பக்கம் வெறும் 290 அடி. காரணமாக வழக்கமாகச் சொல்லப்படுவது: அந்தப் பக்கம் இருந்த ஒரு சாராயக்கடைக்காரரும் ரெண்டு வீட்டுக்காரர்களும் இடத்தை விற்க மாட்டோம்னு சொல்லிவிட்டார்கள். மைதானம் அவங்களுக்கு வளைந்து கொடுத்தது. கிட்ட இருக்கிற வேலியைத் தாண்டி சும்மா சும்மா ஹோம் ரன் போகக்கூடாதுன்னு, அங்கே 40 அடி உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். கீழ்ப்பாதி கான்கிரீட், மேலே கம்பிவலை, நடுவே இரும்புத் தூண்கள். பந்து கான்கிரீட்டில் பட்டால் ஒரு மாதிரி திரும்பும், வலையில் பட்டால் பொத்துன்னு கீழே விழும், தூணில் பட்டால் எங்கே போகும்னு கடவுளுக்குத்தான் தெரியும். பாஸ்டன் ஃபென்வே பார்க்கின் பிரபலமான பச்சைச் சுவரைவிட இது உயரம். விற்க மறுத்த மூணு பேர் ஒரு ஆட்டத்தையே மாத்திட்டாங்கன்னு நினைக்கும்போது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது.

மியூசியத்துக்குள்ள பெரிய பந்தா எல்லாம் இல்ல. பழைய படங்கள், ஜெர்சிகள், கையுறைகள், பந்துகள். அங்கே இருந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும், "கிரிக்கெட் நாட்டுக்காரங்களா? அப்போ 1920-லிருந்து ஆரம்பிக்கணும்"னார். நல்லா ஆள் தெரிஞ்சு வெச்சிருக்கார்.

1920 கிளீவ்லாந்துக்குத் துக்க வருஷமாகத்தான் போயிருக்கணும். ஆகஸ்ட் 16 அன்று நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில், கிளீவ்லாந்து ஷார்ட்ஸ்டாப் ரே சாப்மனுக்குத் தலையில் பந்து பட்டது. மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனார். அப்போ ஹெல்மெட் கிடையாது. பிட்சர் வீசிய பந்து பட்டு உயிர் போன ஒரே மேஜர் லீக் வீரர் அவர்தான். 2014-ல பிலிப் ஹியூஸ் விஷயத்தைக் கேட்டு நாம எப்படி உறைஞ்சு போனோம், அதே மாதிரிதான் இருந்திருக்கும். அந்த அணி அதுக்குப் பிறகும் ஆடி, வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது. அக்டோபர் 10, ஐந்தாவது ஆட்டம், இதே லீக் பார்க். எதிரணி புரூக்ளின்.

அந்த ஒரே நாளில் வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் மூணு முதல்கள். எல்மர் ஸ்மித் அடித்த முதல் கிராண்ட் ஸ்லாம், அதாவது மூணு பேஸிலும் ஆள் நிற்கும்போது அடிக்கிற ஹோம் ரன், ஒரே அடிக்கு நாலு ரன். ஜிம் பாக்பி என்ற பிட்சர் அடித்த ஹோம் ரன். ஒரு பிட்சர் வேர்ல்ட் சீரிஸில் அடித்தது அதுதான் முதல் தடவை. மூணாவதுதான் உச்சம். முதல் பேஸிலும் இரண்டாவது பேஸிலும் புரூக்ளின் ஓட்டக்காரர்கள். பேட்டர் வேகமா ஒண்ணு விட்டதும் ரெண்டு பேரும் ஓட ஆரம்பிச்சாச்சு. இரண்டாவது பேஸ் ஃபீல்டர் பில் வாம்ப்ஸ்கன்ஸ் எம்பி அந்தப் பந்தைப் பிடித்தார். ஒரு அவுட். இரண்டாவது பேஸை விட்டு ஓடியவர் திரும்பி வருவதற்குள் இவர் அந்த பேஸை மிதித்தார். ரெண்டு. முதல் பேஸிலிருந்து ஓடி வந்தவர் என்ன நடந்துச்சுன்னே புரியாம பக்கத்துல நிக்கறார். அவரைத் தொட்டார். மூணு. இன்னிங்ஸ் முடிஞ்சது. ஒரே ஆள், ஒரே பந்து, மூணு விக்கெட். வேர்ல்ட் சீரிஸில் அது மாதிரி இன்றுவரை திரும்ப நடக்கவில்லை. அந்த வருஷம் கிளீவ்லாந்து முதல் தடவையாக சாம்பியன் ஆனது.

பேப் ரூத் தன் 500-ஆவது ஹோம் ரன் அடித்ததும் இங்கேதான், 1929 ஆகஸ்ட் 11. பந்து வலது பக்கச் சுவரைத் தாண்டித் தெருவில் விழுந்தது. பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் அதை எடுத்தார். ரூத் அவரைக் கூப்பிட்டு 20 டாலரும் கையெழுத்துப் போட்ட ஒரு பந்தும் கொடுத்து, அதை வாங்கிக்கொண்டார். ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்தார்ல, அந்த 56-ஆவது ஆட்டமும் இங்கே, 1941 ஜூலை 16. மறுநாள் ஏரிக்கரையில் இருந்த பெரிய முனிசிபல் ஸ்டேடியத்தில் ஆடினார்கள். தொடர் அங்கே அறுந்தது.

ஒரே ஊரில் எதுக்கு ரெண்டு மைதானம்? முனிசிபல் ஸ்டேடியம் 1931-இல் திறந்தது, முக்கால் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆனால் பொருளாதார மந்தக் காலம், அதை யார் நிரப்புவது? அதனால் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை பெரிய மைதானம், மற்ற நாட்களில் லீக் பார்க்னு அணி பல வருஷம் மாறி மாறி ஆடியது. லீக் பார்க்கில் கடைசிவரை விளக்கே போடவில்லை. ராத்திரி ஆட்டம் என்றால் ஏரிக்கரைதான். 1946 செப்டம்பர் 21 அன்று மேஜர் லீக் அணி இங்கே கடைசியாக ஆடியது. அப்போது அந்த அணியின் பெயர் இந்தியன்ஸ். இப்போது கார்டியன்ஸ்.

இதுவரைக்கும் நான் சொன்னது எல்லாமே எனக்கு ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவத்துல தெரிஞ்ச கதைதான். தெரியாதது அடுத்த சுவரில் இருந்தது.

கிளீவ்லாந்து பக்கைஸ். நீக்ரோ அமெரிக்கன் லீக் அணி. அந்த வார்த்தையை இன்னைக்கு யாரும் பேச்சில் பயன்படுத்த மாட்டாங்க. லீக்கின் அதிகாரபூர்வப் பெயரே அதுதான் என்பதால் சொல்றேன். 1940-களில் பக்கைஸும் இதே லீக் பார்க்கில்தான் ஆடினார்கள். அதே புல், அதே 290 அடி, அதே கோணல் சுவர், இதே டிக்கெட் ஹவுஸ். 1945-இல் அவர்கள் நீக்ரோ வேர்ல்ட் சீரிஸுக்குப் போனார்கள். எதிரே ஹோம்ஸ்டெட் கிரேஸ். அந்த அணியில் ஜோஷ் கிப்சன், பக் லெனார்ட், கூல் பாப்பா பெல் என்று பெரிய தலைகள். பக்கைஸ் ஜெயிப்பார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. 4-0 என்று துடைத்து எடுத்தார்கள். இரண்டாவது ஆட்டம் லீக் பார்க்கில். கடைசி ரெண்டு ஆட்டங்களில் கிரேஸால் ஒரு ரன்கூட எடுக்க முடியவில்லை.

அந்த அணியின் நட்சத்திரம் சாம் ஜெத்ரோ, மின்னல் வேக ஓட்டக்காரர். 1945 ஏப்ரலில் அவரையும் ஜாக்கி ராபின்சனையும் மார்வின் வில்லியம்ஸ் என்ற இன்னொருவரையும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி ஃபென்வே பார்க்குக்கு வரவழைத்து ஆடவிட்டுப் பார்த்தது. அரசியல் அழுத்தத்துக்காக நடத்திய தேர்வு அது. மூணு பேரில் யாரையும் எடுக்கவில்லை. திரும்பி வந்த ஜெத்ரோ அந்த வருஷமே இந்த ஊருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 1950-இல், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, பாஸ்டனின் இன்னொரு அணியான பிரேவ்ஸ் அவரை ஆடவைத்தது. அந்த வருஷத்தின் சிறந்த புதுமுக விருது அவருக்கு. புதுமுகம்! பக்கைஸின் கேட்சரும் மேனேஜருமான குயின்சி ட்ரூப் 1952-இல் இந்தியன்ஸுக்கு ஆடினார், 39 வயதில், மொத்தம் 6 ஆட்டம்.

தேதிகளைக் கொஞ்சம் பக்கத்துல வெச்சுப் பாருங்க. இந்தியன்ஸ் லீக் பார்க்கை விட்டுப் போனது 1946 செப்டம்பர். அந்த அணி தன் முதல் கறுப்பின வீரர் லாரி டோபியை இறக்கியது 1947 ஜூலை 5, சிகாகோவில். பத்து மாசத்துக்கும் குறைவான இடைவெளி. அதாவது, லீக் பார்க்கில் ஒரு லீக் ஆட்டத்தில்கூட ஒரு கறுப்பின வீரர் இந்தியன்ஸ் சட்டை போட்டு நின்றதில்லை. அதே மைதானத்தில், வேற நாளில், வேற சட்டையில், சாம்பியன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இதைத்தான் நான் "பதிவு இல்ல"ன்னு சொல்லியிருந்தேன். டேட்டாபேஸ்ல வேலை பாக்கறவங்களுக்குத் தெரியும், ஒரு கட்டம் காலியா இருக்கறதும் அதுல பூஜ்யம் இருக்கறதும் ஒண்ணு இல்ல. நான் காலிக் கட்டத்தைப் பார்த்துட்டு பூஜ்யம்னு படிச்சிட்டேன். கிளீவ்லாந்தின் கால் அண்ட் போஸ்ட் மாதிரி கறுப்பினப் பத்திரிகைகள் இந்த ஆட்டங்களைப் பற்றி அன்றைக்கே எழுதின. ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் பழைய தாள்களைப் புரட்டி, ஸ்கோர் கார்டுகளை ஒண்ணொண்ணா சேர்த்தார்கள். 2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம், 1920 முதல் 1948 வரை நடந்த 7 நீக்ரோ லீகுகளும் மேஜர் லீகுகளே என்று அறிவித்தது. 2024 மே மாதம் எண்கள் உள்ளே வந்தன. டை காப் பல பத்தாண்டாக வைத்திருந்த வாழ்நாள் பேட்டிங் சராசரி முதலிடம் ஜோஷ் கிப்சனுக்குப் போனது: .372. கிப்சன் இறந்தது 1947 ஜனவரி, 35 வயதில். ராபின்சன் களம் இறங்க அப்போ இன்னும் மூணு மாசம் இருந்தது.

எல்லா ஸ்கோர் கார்டும் இன்னும் கிடைக்கலைங்கிறதால இந்த எண்கள் மாறலாம். சிலருக்கு அது உறுத்துது, முழுமை இல்லாத டேட்டாவை எப்படிச் சேர்க்கலாம்னு கேக்கறாங்க. எனக்கு அந்த வாதம் ஒட்டல. ஆடவிடாம தடுத்த லீகின் எண்களை இத்தனை வருஷம் நாம முழுமைன்னுதானே சொல்லிட்டு இருந்தோம்?

1951-இல் மைதானத்தின் பெரும்பகுதியை இடித்தார்கள். சுற்றி இருக்கிற ஹஃப் பகுதி அந்தப் பத்தாண்டில் முழுக்க மாறியது. வெள்ளையர்கள் புறநகருக்குப் போக, கறுப்பினக் குடும்பங்கள் நெருக்கடியான வாடகை வீடுகளில் அடைந்தன. 1966 ஜூலையில் ஒரு பாரில், கறுப்பினத்தவர் ஒருவருக்குக் குடிக்கத் தண்ணீர் மறுத்ததில் தொடங்கியதாகச் சொல்லப்படும் கலவரத்தில் நாலு பேர் செத்தார்கள். நாலு பேரும் கறுப்பினத்தவர்கள். இவ்வளவையும் தாண்டி அந்த டிக்கெட் ஹவுஸ் நின்றது. 2014-இல் நகர நிர்வாகம் அதைப் புதுப்பித்து, பழைய இடத்திலேயே ஹோம் பிளேட்டை வைத்து மைதானத்தையும் திறந்தது.

வெளியே வந்தப்போ பசங்க சில பேர் பிராக்டீஸ் பண்ணிட்டு இருந்தாங்க. எங்க ஆளு, "என்னடா இருக்கு"ன்னு கேட்டவன், இப்போ வலது பக்கக் கோட்டை ஒட்டி அடி எண்ணிட்டு நடக்கறான். பாதியில எண்ணிக்கையை விட்டுட்டு திரும்பவும் முதல்லேர்ந்து. அப்போ ஒரு பையன் அடிச்ச பந்து கோட்டுக்கு வெளியே போய், உருண்டு, நடைபாதைப் பக்கம் வந்துச்சு. நான் எடுத்துத் தூக்கிப் போட்டேன். கிரிக்கெட் கை, பாதி தூரம்கூடப் போகல. அந்தப் பையனே நடந்து வந்து எடுத்துக்கிட்டு, சிரிச்சுட்டுப் போனான்.